மூன்று நாள் பத்தியம்

என் பெயர் ஆரோக்கியதாஸ். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு காய்ச்சல் வார்டில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். கேஸ் ஷீட்டில் பெயரைப் படித்த சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த என் மச்சான் ஜஸ்டினைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவனுக்கு நான் யார் என்றே அப்போது தெரியவில்லை.

இதை எழுதச் சொன்னது எங்கள் பக்கம் வரும் சுகாதார ஆய்வாளர் அம்மா. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டுமாம். "ஒரு பக்கம் போதும்ணே. நாங்க சொன்னா கொட்டாவி விடறாங்க. நீங்க பட்டது, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். நான் உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமாக இல்லை.

நான் பாய்லர் வெல்டர். அனல்மின் நிலையத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்துவிட்டு, ஓட்டை விழுந்த குழாய்களை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். எண்ணூரில் பழகிய கை என்று தெரிந்தால் ஒடிசாவிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். ஜஸ்டின் என் பிட்டர். அவன் குழாயை நூல் பிசகாமல் பொருத்திப் பிடித்தால் நான் ஒட்டுவேன். ஒன்பது வருடம் அவன் பிடித்தான், நான் ஒட்டினேன். ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை.

அவன் என் மனைவி பிலோமினாவின் தம்பி. அவனுக்கு ஆறு வயதாகும்போது தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிலோவுக்கு அப்போது பதினாறு. அவள்தான் சோறு போட்டு, அடித்து, வளர்த்தாள். எனக்குக் கழுத்தை நீட்டும்போதே தம்பி கூடத்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டினாள். முப்பத்தோரு வயதிலும் அக்கா சொன்னால் அவனுக்கு மறு பேச்சு கிடையாது. அதை வைத்து நான் அவனை நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இந்தத் தடவை போன இடம் காட்டை ஒட்டி இருந்தது. தகரக் கொட்டகையில் தங்கினோம். தலைக்கு ஒரு கொசுவலை கொடுத்தார்கள். நான் அதைக் கொடியாக முறுக்கிக் கட்டி, துவைத்த துணியைக் காயப்போட்டேன். ஜஸ்டின் என்னைப் பார்த்து அப்படியே செய்தான். நான் என்ன செய்தாலும் அப்படியே செய்வான். அக்கா வேண்டாம் என்று சொன்னதை மட்டும் செய்யமாட்டான்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவனுக்குக் குளிர் வந்தது. மறுநாள் எனக்கு. குளிர் என்றால் மழையில் நனைந்து வருகிற குளிர் என்று நினைத்துவிடாதீர்கள். கொளுத்துகிற வெயிலில் மூன்று போர்வையைப் போர்த்தி, மேலே பிலோ ஏறி உட்கார்ந்துகொண்டாலும் கட்டில் ஆடும். பல் அடித்துக்கொள்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு இரும்புச் சட்டியாகக் கொதிக்கும். அப்புறம் வியர்வை கொட்டும், எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். அந்த நிம்மதியை நம்பித்தான் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

தெருமுனை கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனோம். விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கார்டில் விட்டார்கள். ஜஸ்டினால் நிற்க முடியவில்லை. அவனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் முடிவுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதைக் கவனமாகச் சொல்கிறேன். அன்றைக்கு டாக்டர் சொன்னதையும் மருந்துக் கடையில் சொன்னதையும் கேட்டவன் நான் ஒருவன்தான்.

இரண்டு கார்டிலும் கோடு விழுந்திருந்தது. மலேரியாவில் நம் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு வகை என்றார் டாக்டர். சென்னையில் சாதாரணமாக வருவது வைவாக்ஸ். அது ஆளை வாட்டி எடுக்கும், ஆனால் பெரும்பாலும் விட்டுவிடும். நாங்கள் வாங்கி வந்தது பால்சிபாரம். கொசு கடிக்கும்போது உள்ளே போகிற கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் குடியேறி, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வரும். உடையும் போதெல்லாம் குளிர். முற்றினால் மூளைக்கும் கிட்னிக்கும் போகும். "நேரத்துல வந்துட்டீங்க. மாத்திரையிலயே சரியாயிடும்" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இது இன்னா மருந்து டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மருந்து சேர்ந்தது. அதுல ஒண்ணு செடியிலேர்ந்து எடுத்தது. சீனாவுல அந்தக் காலத்திலேயே காய்ச்சலுக்குக் குடுத்த செடி. நம்ம மரிக்கொழுந்து இருக்கு பாருங்க, அதுக்குச் சொந்தக்காரச் செடின்னு வெச்சுக்குங்களேன்."

போகிற போக்கில் சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு அது பெரிய சங்கதியாகப் பட்டது. பூக்காரி முழத்துக்கு நடுவில் செருகித் தருகிற மரிக்கொழுந்து மலேரியாவுக்கு மருந்தா என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வெளியே வந்ததும் பிலோவுக்குப் போன் போட்டேன்.

"பயப்படாத பிலோ. மூலிகை மருந்து குடுத்துக்கிறாங்க. சைனா மூலிகை."

டாக்டர் சொன்ன வார்த்தை செடி. மூலிகை என்றது நான். செடி என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மூலிகை என்று சொன்னால் அதன் பின்னாலேயே பத்தியம் வந்து நிற்கும்.

அப்புறம்தான் மருந்துக் கடைக்குப் போனேன். இரண்டு பேருக்கும் மூன்று நாள் மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. கடையில் இருந்த பெண் அட்டையில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள். "அண்ணா, இத வெறும் வயித்துல போடாதீங்க. கஞ்சி கிஞ்சி குடிச்சுட்டும் போடாதீங்க. பாலு, முட்டை, எண்ணெயில செஞ்சது ஏதாச்சும் துன்னுட்டுப் போடணும். கொழுப்பு இல்லனா மாத்திரை உடம்புல ஏறாது. வூட்ல சொல்லிடுங்க."

சொல்லிடுங்க என்றாள். நான் தலையாட்டினேன். எதிரிலேயே வடைக் கடை. சட்டியில் மசால் வடை மிதந்துகொண்டிருந்தது. காய்ச்சல் வாய்க்குக்கூட அந்த வாசனை பிடித்தது. இரண்டு வடை தின்றுவிட்டு முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் எண்ணெய் கேனைக் காணோம். தாளிக்கிற வாசனைகூட மூக்கில் படக்கூடாது என்று பிலோ அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். அடுப்பில் நொய்க் கஞ்சி கொதித்தது. உப்பு கிடையாது, புளி கிடையாது, மீன் கிடையாது, பால் கிடையாது.

"மூலிகைனு சொன்ன இல்ல? மூணு நாளு இதான். எவனாச்சும் வாய நீட்டுனீங்க, சூடு வெச்சுடுவேன்."

ஜஸ்டினுக்கு முதல் மாத்திரையை அந்தக் கஞ்சியோடு அவளே வாயில் போட்டாள்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். காரணம் இருக்கிறது, கேவலமான காரணம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்போதும் பிலோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைத்தாள். நான் ஐந்தாம் நாள், "டாக்டரு பிரியாணி துன்னலாம்னு சொல்ட்டாரு" என்று அளந்துவிட்டுத் தின்று, கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து எண்ணெய்ப் பண்டம் பற்றி நான் எது சொன்னாலும் அந்த வீட்டில் செல்லாது. எண்ணெய் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமாம் என்று நான் ஆரம்பித்தால் கரண்டி பறக்கும். டாக்டருக்கே போன் போட்டுக் கேள் என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல், அலுப்பு, எவன் மல்லுக்கட்டுவது என்று விட்டேன். அதோடு, எனக்கு வழி தெரிந்திருந்தது. காலை மாத்திரைக்கு முன்னால் காற்று வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் வடைக் கடை.

பிலோ செய்ததில் ஒரு குறை சொல்லமுடியாது. காலண்டரில் பென்சிலால் வேளைக்கு ஒரு சிலுவை போட்டாள். அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாலேயே மாத்திரையும் தண்ணீருமாக நின்றாள். நாங்கள் கஞ்சி குடிக்கும்போது தான் மட்டும் குழம்பு சாப்பிடுவது பாவம் என்று அவளும் மூன்று நாள் உப்பில்லாக் கஞ்சிதான் குடித்தாள்.

இரண்டாம் நாள் காலை நான் செருப்பு மாட்டும்போது ஜஸ்டின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, முகம் தெளிந்திருந்தது.

"எங்க மாமா?"

"காத்து வாங்க."

"நேத்து உம் மேல வடை வாசனை அடிச்சிது மாமா."

"மோப்பம் புடிச்சிட்டியா? வா, நீயும் ரெண்டு துன்னு."

"வேணாம் மாமா. அக்காவுக்கு வாக்கு குடுத்துக்கிறேன்."

"வடை துன்னா செத்தா பூடுவ?"

அவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். எண்ணெய் சேர்த்தால்தான்டா மாத்திரை ஏறும் என்று அந்தப் படியில் வைத்தே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நேராக அக்காவிடம் போய்க் கேட்பான். கேட்டால் என் வடை வெளியே வந்துவிடும். மூன்று காலை, காலைக்கு இரண்டு. ஆறு வடையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் விட்டது. பிலோ ராயபுரத்துக் கோயிலுக்குப் போய் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். வரும்போது மரிக்கொழுந்து வாங்கி வந்து தம்பியின் தலையணைக்கு அடியில் வைத்தாள். தெரு முழுக்க மூலிகைப் புராணம்தான். அதை அதிகம் பாடியவன் நான்.

இரண்டு வாரம் கழித்து ஜஸ்டினுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது. குளிர் அவ்வளவு இல்லை. தலைவலி, வாந்தி. பிலோ பயப்படவில்லை. "மூலிகை உள்ள இன்னும் வேல செஞ்சிகினு கீது. அதான் சூடு" என்று சொல்லி நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். எனக்கும் இலேசாக உடம்பு கணகணத்தது. நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். திரும்ப ரத்தம் பார்க்கப் போகலாமா என்று யாருமே கேட்கவில்லை. மருந்துதான் முழுசாகச் சாப்பிட்டாயிற்றே.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜஸ்டின் எழுந்து உட்கார்ந்து, "மாமா, குழாய் ஒட்டிட்டியா? நா கைய எடுக்கலாமா?" என்று கேட்டான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ பிடித்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து, "எடுடா" என்றேன். எடுக்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. காலையில் அவன் போன சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது என்று அப்போதுதான் பிலோ சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். ஸ்ட்ரெச்சருக்குக் காத்து, சீட்டுக்குக் காத்து, ரத்தம் எடுக்கக் காத்து நின்றோம். வரிசையில் நிற்கும்போதே எனக்குக் கால் நடுங்கியது. ஒரு பயிற்சி டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் உக்காருங்க" என்று விரலில் குத்தினார். துணைக்குப் போனவனையும் சேர்த்து அட்மிஷன் போட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒடிசாக் கொட்டகையிலும் அப்படித்தான் படுத்திருந்தோம்.

ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்கு ஸ்மியர் என்று பெயர். நூறு சிவப்பணுவில் எத்தனையில் கிருமி இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள். எனக்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அவனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு.

ஊசி போட்டார்கள். வெள்ளைத் தூள், அதைக் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள். முதல் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டாவது, அப்புறம் மறுநாள் அதே நேரத்துக்கு. சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்து அம்மா, வாயாடி. எனக்குப் பேச்சுத் துணை அவர்தான். "இதும் நீங்க சொன்ன அந்தச் செடிச் சரக்குதான்" என்றார். அதற்கு முன்னால் கொயினா என்று ஒன்று இருந்ததாம். சிங்கோனா என்கிற மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. நீலகிரி மலையிலேயே அந்த மரத்தை வளர்த்தார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, காதில் இரைச்சல் வரும், சர்க்கரை இறங்கும், ஆனால் உயிரைப் பிடித்து நிறுத்தும்.

"எல்லாம் மரமும் செடியுந்தான். ஆனா இலையப் பறிச்சுக் கொதிக்க வெச்சா மருந்தாவாது பாத்துக்கிடுங்க. அதுல இருக்க ஒரு சத்த மட்டும் பிரிச்சு, அளந்து, சுத்தம் பண்ணி எடுக்கணும். கஷாயத்துல அளவு ஏது?"

பிலோ அன்று மரிக்கொழுந்தை ஜஸ்டினின் கட்டில் கம்பியில் கட்டிவிட்டிருந்தாள். கட்டக்கூடாது என்று சிஸ்டர் அவிழ்த்தார். தூக்கி எறியவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவன் பக்கத்து ஜன்னலில் வைத்தார். ஒன்பது நாளில் நான் பார்த்த கருணை என்றால் அதைத்தான் சொல்லவேண்டும்.

இரண்டாம் நாள் ஜஸ்டினைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கிட்னி நின்றுவிட்டது. ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். பிலோ அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். வார்டில் நான் தனி. அப்போதுதான் பெரிய டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். அமைதியான மனுஷி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மாத்திரை, ஒரே நாள்ல ஆரம்பிச்சிருக்கீங்க. ஒரு வேளையாவது விட்டீங்களா?"

"இல்ல டாக்டர். எம் பொண்டாட்டி மணி தவறாம குடுத்துச்சி."

"எதோட சாப்பிட்டீங்க?"

"கஞ்சி" என்றேன்.

"வெறும் கஞ்சியா?"

"அவன் கஞ்சி. நானு... காலைல மட்டும் வடை துன்னேன் டாக்டர்."

அவர் நிதானமாகச் சொன்னார். மாத்திரையில் உள்ள செடி மருந்து வேகமாக அடித்துவிட்டு சீக்கிரம் கரைந்துபோகும். மிச்சம் மீதியை ஒழிப்பது கூட இருக்கிற இரண்டாவது மருந்து. அது கொழுப்போடு போனால்தான் ரத்தத்தில் கலக்கும். வெறும் கஞ்சியில் வயிற்றோடு போய்விடும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் செடி மருந்தால்தான். மிச்சம் இருந்த கிருமிதான் இரண்டு வாரத்தில் பெருகி வந்திருக்கிறது.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குப் பாதி வேளையாவது ஏறியிருக்கு. அதனால கொறைவா வந்திருக்கலாம். இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. மூணு நாள் வீட்லயே வெச்சிருந்தது ஒரு காரணம். உடம்புக்கு உடம்பு வித்தியாசமும் இருக்கு. யார் மேலயும் பழி போடறதுக்காக நான் இதக் கேக்கல." எழுந்து நின்று கேட்டார்: "மருந்து வாங்கினப்ப உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

அந்தப் பெண் அட்டையில் கோடு போட்ட பேனாவின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. பச்சை.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு ஜஸ்டின் செத்துப்போனான். எனக்குக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. பிலோவின் குரல் இரண்டு மாடி தாண்டி வந்தது. சிஸ்டர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க, நரம்பு விலகிடும்" என்றார். நான் அசையவில்லை. மருந்து முழுசும் ஏறும்வரை அசையாமல் படுத்திருந்தேன். அவ்வளவு உயிர் ஆசை எனக்கு.

அடக்கத்துக்கு என்னை விடவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கல்லறையிலிருந்து வீடியோ கால் போட்டார். பெட்டிக்குள் நெஞ்சின் மேல் மரிக்கொழுந்து வைத்திருந்தாள் பிலோ. மூடுகிற நேரத்தில் சிக்னல் போய், அவன் முகம் அப்படியே திரையில் நின்றுவிட்டது. அணைக்க மனம் வராமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊசி முடிந்ததும் திரும்ப அதே மூன்று நாள் மாத்திரை கொடுத்தார்கள். இந்தத் தடவை அவித்த முட்டையும் பாலும். நான் முட்டையை விழுங்குகிறவரை சிஸ்டர் கட்டிலருகே நின்று பார்த்தார். ஆறு வேளை, ஆறு முட்டை. எதுவும் தொண்டையில் சிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒன்பதாம் நாள் ஸ்மியர் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தபந்தம் வீட்டில் கூடியிருந்தது. வடைக் கடை அம்மாவும் வந்திருந்தாள். வெள்ளை மனசு. "காய்ச்சலோட காய்ச்சலா மூணு நாளும் காலைல வந்து வடை துன்னுட்டுப் போவாரு தாஸண்ணன். அவர் பொழச்சிக்கினாரு, பையன் பூட்டானே" என்று மூக்கைச் சிந்தினாள்.

பிலோ சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"வடை துன்னியா? பத்தியத்துல? அவனுக்கும் குடுத்தியாய்யா? சொல்லு, அவனுக்கும் குடுத்த இல்ல? நீ குடுத்தாதான் அவன் துன்னுவான். நான் ஒண்டி ஆளா காவ காத்து வெச்ச பத்தியத்த முறிச்சிட்டியே! எம் புள்ளையக் கொன்னுட்டியே!"

இலையில் கை வைத்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். காலத்துக்கும் என்னைத் திட்டிக்கொண்டு அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் மனுஷனுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. செய்த தப்பு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

"நான் குடுக்கல! குடுத்திருந்தா பொழச்சிருப்பான்! எண்ணெ இல்லனா அந்த மாத்திர ஏறாதாம். டாக்டரம்மா சொன்னாங்க. வடையால செத்தான்ற? உன் கஞ்சியால செத்தான்டி!"

யாரும் சாப்பிடவில்லை. பிலோ அழவும் இல்லை. என் எதிரில் வந்து நின்று, அடிக்குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரிலதான் சொன்னாங்க."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பிரியாணிப் பொய்யைக் கண்டுபிடித்தவள், இதை நம்பிவிட்டாள்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பிலோ உப்பில்லாத நொய்க் கஞ்சிதான் குடிக்கிறாள், மூன்று வேளையும். யார் சொல்லியும் கேட்கவில்லை. ராயபுரத்துக் கோயிலிலிருந்து சாமியார் வந்து சொன்னார், அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள், தான் குடிக்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது, வளையல் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. எனக்கு மட்டும் தினமும் எண்ணெய் காய்ச்சுகிறாள். மீனோ வடையோ, வறுக்காமல் எனக்குச் சோறு வைப்பதில்லை. தட்டை வைத்துவிட்டு, எதிரில் தன் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, "துன்னு" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆய்வாளர் அம்மா கேட்டதை எழுதிவிடுகிறேன். கொசுவலையில் துணி காயப்போடாதீர்கள். விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால் அன்றைக்கே ரத்தம் கொடுங்கள். மாத்திரையைப் பாலோ முட்டையோ எண்ணெயில் செய்ததோ சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மருந்துக் கடையில் சொல்லி அனுப்புவதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள். நம்பாவிட்டாலும், கரண்டி பறந்தாலும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியாது. வெல்டிங் கை, பேனாவைப் பிடித்தால் நடுங்கும். கல்யாணமான நாளிலிருந்து லீவு லெட்டரோ மனுவோ எதுவானாலும் நான் கிறுக்கித் தர, பிலோதான் நல்ல தாளில் எழுதுவாள். இதையும் அவள்தான் எழுதவேண்டும். காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "எழுதிட்டியா? குடு, அந்தம்மா நாளைக்கு வந்துடும்."

அடுக்களையில் எண்ணெய் காய்ந்து, சங்கரா மீன் விழுகிற சத்தம் கேட்கிறது. கூப்பிடுகிறாள். இந்தத் தாள்களைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்பதுதான் தெரியவில்லை.